பிளானை ஏத்தாதீங்க, ஒயரை இழுங்க!

ஈக்காட்டுத்தாங்கல்ல எந்த அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஏறினாலும் இந்தப் புலம்பல்தான். "சார், உங்க வீட்ல நெட் எப்படி வருது?" "அதையேன் கேக்கறீங்க, சுத்திக்கிட்டே இருக்கு. 100-ல இருந்து 200 பிளானுக்கு மாத்தியும் அதே கதைதான்."

மக்களே, இந்த தண்டச் செலவை மொதல்ல நிறுத்துங்க. பெரும்பாலான வீட்டுல வாசல் வரைக்கும் ஃபைபர்ல நெட் ஒழுங்காத்தான் வருது. அங்கேருந்து பெட்ரூம் வரைக்கும் இருக்குற இருபதடி காத்துலதான் அதுக்கு மூச்சு முட்டுது. வீட்டுக்குள்ள குழாய் அடைச்சிருந்தா மெட்ரோ வாட்டருக்கு டபுள் காசு கட்டுவீங்களா?

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒயர்ல போறதும் வர்றதும் ஒரே நேரத்துல நடக்கும். வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க வாயை மூடிக்கிட்டு காத்திருக்கணும். பேசினதுக்கு "வந்து சேந்துச்சு"ன்னு பதில் வரணும், வரலைன்னா திரும்ப அனுப்பணும். "மத்தவங்க"ன்னா உங்க வீட்டு போனும் டிவியும் மட்டும் இல்லீங்க. அதே சேனல்ல இருக்குற எதிர் வீடு, மாடி வீடு, பக்கத்து பிளாக் எல்லாரும் சேர்த்திதான். பாஸ்வேர்ட் வேற வேறயா இருந்தா என்ன, காத்து ஒண்ணுதானே!

2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் மொத்தமே மூணு: 1, 6, 11. சுவரோட சுவர் ஒட்டி வீடு கட்டியிருக்குற கலைமகள் நகர்ல ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை வைஃபை பேர் தெரியுதுன்னு போனை எடுத்து எண்ணிப் பாருங்க. அத்தனையும் இந்த மூணுக்குள்ளதான் முட்டிக்கணும். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைலதான் ஓடுது. 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் நிறைய. 2018-ல அரசாங்கம் லைசென்ஸ் இல்லாம அதை இன்னும் தாராளமா தொறந்து விட்டது. ஆனா அதுக்கு சுவர்னாலே ஆகாது. ரெண்டு செங்கல் சுவரும் ஒரு இரும்பு பீரோவும் குறுக்க வந்தா படுத்துடும்.

அடுத்த கூத்து ரவுட்டர் டப்பா. 300 எம்பிபிஎஸ்னு (டாக்டர் படிப்பு இல்லீங்கோ) கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அந்த 300 வரணும்னா ரெண்டு சேனல் அகலம் வேணும். நம்ம ஏரியா கூட்டத்துல அது ஒரு சேனலா சுருங்கி 144 ஆகிடும். காத்திருக்குறது, பதில் சொல்றது எல்லாம் போக கைக்கு வர்றது அதுல ஏறக்குறைய பாதி. 1200-ன்னு போட்டிருந்தா 300-ஐயும் 867-ஐயும் கூட்டி மேல கொஞ்சம் ரவுண்டு கட்டினது. உங்க போன் ரெண்டுல ஒண்ணுலதான் பொதுவா ஒட்டும். சிக்னல் போதலைன்னு ரிப்பீட்டர் வாங்கறீங்களா? கேட்டதையே அதே சேனல்ல திருப்பிச் சொல்ற கிளிப்பிள்ளை அது. வேகம் இன்னும் பாதி.

என் கோபமெல்லாம் பில்டர்கள் மேலதான். 2015-ல மெட்ரோ ஸ்டேஷன் வந்துச்சு, பக்கத்துலயே ஒலிம்பியா டெக் பார்க்னு சொல்லி, பொட்டி தட்டுறவங்களை நம்பித்தான் ஃபிளாட்டை விக்கிறாங்க. ஏசிக்கு பைப் உண்டு, இன்வெர்ட்டருக்கு லைன் உண்டு. ரூமுக்கு ஒரு நெட் ஒயர் போக முக்கால் இஞ்ச் பிவிசி பைப் விட மட்டும் கை வராது. கனெக்‌ஷன் குடுக்க வர்ற பையனும் வாசல் கதவு மேல ரவுட்டரை அடிச்சு, அது பக்கத்துலயே நின்னு ஸ்பீடு டெஸ்ட் காட்டிட்டு கிளம்பிடுவான். நாமளும் தலையாட்டுவோம்.

"போனுக்கு ஒயர் சொருக முடியுமா?"ன்னு கேக்குறவங்களுக்கு: வேணாம் சாமி. நகராத ஜந்துக்களுக்கு சொருகுங்க. டிவி, டெஸ்க்டாப், வீட்டுல இருந்தே ஆணி புடுங்குற லேப்டாப். இதுங்க காத்தை விட்டு எறங்கினாலே போனுங்களுக்கு இடம் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போனா கேட்-6 ஒயர் மீட்டர் கணக்குல கிடைக்குது. 100 மீட்டர் வரைக்கும் 1000 எம்பிபிஎஸ் தாங்கும். எட்டு கம்பியையும் சேர்த்து கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க, நாலோட நிறுத்தினா 100-க்கு மேல போகாது. சில மலிவு ரவுட்டர்ல லேன் ஓட்டையே 100-தான், அங்க புது வைஃபை பக்கத்துல இருந்தா ஒயரை முந்திடும். அதையும் பாத்துக்குங்க.

மறுபடியும் கஸ்டமர் கேருக்கு போன் போடறதுக்கு முன்னாடி லேப்டாப்பை ரவுட்டர்ல ஒயரால சொருகி டெஸ்ட் பண்ணுங்க. அங்கேயும் வேகம் வரலைன்னா தாராளமா சண்டை போடுங்க, நானும் கூட வர்றேன். வந்துச்சுன்னா 200 பிளானை 100-க்கே எறக்கிட்டு, மிச்சக் காசுல ஒயர் வாங்குங்க.

பி.கு: புதுசா வீடு கட்டுறவங்க கொத்தனார்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. பூச்சு முடிஞ்சப்புறம் சுவத்தை உடைச்சா வீட்டம்மா உங்களை உடைப்பாங்க!