எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா?

நூலைப் படித்து முடித்தவர் ‘நைஸ்’ என்கிறார். விருந்து உண்டவரும் ‘நைஸ்’ என்கிறார். பாடல், ஆடை, மனிதர், மாலைக் காற்று என அனைத்துக்கும் இந்த ஓர் ஆங்கிலச் சொல்லே பாராட்டாகிவிடுகிறது. இதன் வரலாறோ வியப்புக்குரியது.

‘அறியாதவன்’ என்று பொருள்தரும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது இது ‘பேதை’ என்றே பொருள்பட்டது. பின்னர், எதிலும் எளிதில் நிறைவடையாத இயல்பைக் குறித்தது. நுட்பம், துல்லியம் ஆகிய பொருள்களையும் பெற்றது. ‘இனியது’ என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. இத்தகைய ஏற்றத்தை மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். கள்ளுண்டு மகிழ்தலைக் குறித்த ‘களிப்பு’ என்னும் தமிழ்ச்சொல் இன்று பொதுவாக மகிழ்ச்சியைக் குறிப்பதும் அவ்வகையே. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தீய மணத்தைக் குறிக்கலானது இழிபொருட்பேறு.

ஆகவே, பழம்பொருளே மெய்ப்பொருள் என வாதிடுதல் பொருந்தாது. அவ்வாறாயின், ‘நைஸ்’ என்று பாராட்டுவோர் அனைவரும் நம்மைப் பேதையர் என்று ஏசுவோராகிவிடுவர்! பொருள் மாறுவது குறையன்று. பல சொற்களின் பணியை ஒரே சொல் பறித்துக்கொள்வதே கவலைக்குரியது.

இக்கவலை புதிதன்று. ஜேன் ஆஸ்டின் மறைந்தபின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்தேங்கர் அபே’ புதினத்தில், நாயகி ஒரு நூலை இச்சொல்லால் புகழ்கிறாள். உடனே நாயகன், அதன் நூற்கட்டு நேர்த்தியாக இருப்பதைத்தான் சொல்கிறாயோ என்று நகையாடுகிறான். எதற்கும் பொருந்திவிடும் சொல் இது என்று கேலியும் செய்கிறான்.

நம் வீடுகளில் ‘மாவை நைசாக அரை’ என்கிறோம். ‘நைசாக நழுவிவிட்டான்’ என்றும் சொல்கிறோம். முன்னதில் மென்மையும் பின்னதில் தந்திரமும் தெளிவாகப் புலப்படுகின்றன. பாராட்டும்போது மட்டும் அச்சொல் எதையும் தெளிவுபடுத்துவதில்லை.

விரைந்த உரையாடலில் இத்தகைய சொல் வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும், முகமன் கூற அது போதும். ஆனால், நண்பன் எழுதிய கவிதையைப் படித்துவிட்டு ‘நைஸ்’ என்று மட்டும் சொன்னால், அவன் அறிந்துகொள்வது யாது? உவமை புதியது, மூன்றாம் அடியில் ஓசை தடுமாறுகிறது என்று கூறினால், அவன் அடுத்த கவிதையை இன்னும் செம்மையாக எழுதுவான். அவ்வாறு கூற வேண்டுமெனில், நாமும் கவிதையை ஊன்றிப் படித்திருக்க வேண்டும்.

சுவையான உணவு, நேர்த்தியான ஆடை, இதமான காற்று, நுட்பமான கருத்து, கனிவான மனிதர் எனத் தனித்தனிச் சொற்கள் நம்மிடம் உள்ளன. மாணவர்களே, அடுத்தமுறை ஒன்றைப் பாராட்ட விழையும்போது, அதில் உங்களைக் கவர்ந்தது எது என எண்ணிப் பாருங்கள். உரிய சொல் தானே வந்து அமையும்.