மோட்டரை மாத்த முதல்

மழைக்காலத்தில சித்தப்பாவின்ர வானில சாரதிப் பக்கக் கண்ணாடி பாதியில நிண்டிட்டுது. கராஜில கதவைக் கழட்டாமலே, "மோட்டர் போட்டுது, மாத்தோணும்" எண்டு சொல்லிச்சினம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, ஓடுற பழைய வானைக் காப்பாற்றுறதுதான் அவற்ர பிழைப்பு.

"ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கென்ன தெரியும்?" எண்டு சிரிச்சார். நான் ஒழுங்காத் தேடினன். முதல்ல பியூஸ், அது சரி. சுவிட்சை அமத்தேக்க மோட்டர் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாட்டி, பிழை அதை இழுக்கிற கேபிள் பக்கம். எங்களுக்குச் சத்தமே இல்லை. அப்ப கரண்ட் போகுதோ? கதவை மெல்ல ஆட்டி ஆட்டி அமத்த, ஒரு இடத்தில கண்ணாடி ஏறிச்சுது! கதவடி ரப்பர் குழாய்க்குள்ள போற வயர், மடிஞ்சு மடிஞ்சு அறுந்திருந்தது. பற்றரியைக் கழட்டிவிட்டு, துண்டு வயர் வைத்து ஈயம் பற்றவைத்தோம். சரி.

கராஜ்காரரைக் கள்ளர் எண்டு சொல்ல வரேல்லை. நாங்கள் பாகத்துக்குத்தான் காசு குடுக்கிறம், பிழை தேடுற நேரத்துக்குக் குடுக்கிறேல்லை. பிறகு அவையள் ஏன் தேடப்போகினம்? தேடுறதும் வேலைதான், அதுக்கும் கூலி குடுப்பம். குடுத்திட்டு, "மோட்டருக்குக் கரண்ட் வருதோ எண்டு பாத்தனீங்களோ?" எண்டு உரிமையோட கேப்பம்.