ஆட்டின் முன்னங்காலும் பிள்ளையின் உள்ளங்கையும்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி எமது மக்தபில் ஒரு சிறுவன் ஐயம் ஒன்றைக் கேட்டான். மேலப்பாளையம் சந்தையில் வாங்கிய குர்பானிக் கிடாய் ஒரு வாரமாக அவன் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தது. "ஹஜ்ரத், கிடாய் முன்னங்காலை மடக்கிப் படுக்குதே, அது முழங்கால்தானே?" ஆம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பின்னர் நூல்களைப் பார்த்தபோதுதான் பிழையாகச் சொன்னது தெரிந்தது. ஆடு அங்கே மடக்குவது முழங்காலை அன்று, மணிக்கட்டை.

அதற்குக் கீழே நீண்டிருக்கும் எலும்பு, பாயாவில் நாம் ஆவலுடன் உறிஞ்சும் அதே எலும்பு, உள்ளங்கையைச் சேர்ந்தது. நம் கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் தனித்தனியே உள்ள இரு எலும்புகள் ஆட்டில் ஒரே தண்டாக இணைந்துள்ளன. பிளவுபட்ட குளம்பு அவ்விரு விரல்களின் நகம். பின்புறம் தொங்கும் இரு சிறு குளம்புகள் சுட்டுவிரலும் சுண்டுவிரலும். பெருவிரல் அதற்கு இல்லவே இல்லை. பாறையில் ஏறவும் ஓடவும் அது தேவைப்படுவதும் இல்லை.

பூனையின் முன்பாதத்தில் ஐந்து விரல்கள் உண்டு. ஆனால் உட்புற விரல் தரையைத் தொடாது. குற்றாலத்துக் குரங்கு நம் கைப்பழத்தைப் பறித்துத் தோலுரிக்கும் அளவுக்குப் பெருவிரல் பெற்றது. எனினும் அது குட்டை. நம்முடையதைப் போல் மற்ற விரல்நுனிகளோடு எளிதில் முகம் பொருந்தாது.

மனிதக் கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலை மடக்கி நீட்டும் தசை விரலுக்குள் இல்லை. பெரும்பாலும் முன்கைத் தசைகளே நாண்களைக் கொண்டு விரலை இழுக்கின்றன. மணிக்கட்டின் உட்புறத்தைத் தொட்டபடி விரலை மடக்கிப் பாருங்கள், நாண் அசைவது தெரியும். இக்கையால் என்ன இயலும் என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பத்தமடையில் கோரையை ஊறவைத்து, இழையாகக் கீறி, பட்டுப்பாய் நெய்யும் நம் சமூகப் பெண்களின் விரல்களைக் கண்டால் போதும். மறுமையில் மனிதன் மீண்டும் உருவாக்கப்படுவதைக் கூறுமிடத்தில் அல்கியாமா அத்தியாயம் விரல்நுனிகளைக் குறிப்பிட்டிருப்பதும் நாம் அறிந்ததே.

இவ்வளவையும் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி எம்மைத் தைத்தது. குழந்தை பிறக்கையில் மணிக்கட்டின் எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில் எலும்பாகின்றன. பட்டாணி போன்ற கடைசி எலும்பு பெரும்பாலும் எட்டு வயதைக் கடந்த பின்னரே உருவாகும். அதனால்தான் மருத்துவர்கள் கையை எக்ஸ்ரே எடுத்துப் பிள்ளையின் எலும்பு வயதைக் கணிக்கின்றனர். நம் மக்தபுகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை, மக்ரஜ் பிழைத்ததற்காக, "கையை நீட்டு" என்கிறோம். நாமும் பிரம்பு பிடித்தவர்களே. பிறர்மீது மட்டும் பழிபோட்டு எழுதவில்லை.

சட்டம் எங்களைத் தடுக்கவில்லை என்பார் சிலர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது; 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. அந்த விலக்கை அடிப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்வது எவ்வளவு வெட்கக்கேடு! பத்து வயதில் தொழுகைக்காக அடிப்பதைப் பற்றிய ஹதீஸை வேறு சிலர் எடுத்துக்காட்டுவர். அது தொழுகையைப் பற்றியது. ஏழு வயதில் கட்டளையிட்டு, மூன்றாண்டுகள் பொறுத்த பின்னர் வருவது. "ளாத்" எழுத்தைச் சரியாக உச்சரிக்க வராத சிறு நாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அண்ணலார் (ஸல்) எந்தப் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை மேடைகளில் சொல்பவர்களும் நாம்தானே.

எமது வகுப்பில் இப்போது பிரம்பு இல்லை. ஓதல் சற்று மெதுவாகவே நகர்கிறது, உண்மைதான். ஆனால் பெற்றோர் சிலர் பிள்ளையைச் சேர்க்க வரும்போது, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஹஜ்ரத்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுகின்றனர். பிள்ளை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.