எதிர்க்கட்சிச் சிக்கனம்

கதை எழுதுகிறவனுக்குப் பட்ஜெட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்யும் பாத்திரங்களைக் கவனிப்பதுதானே ஐயா எங்கள் பிழைப்பு! அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளும் கடனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் என் கை சும்மா இருக்க மறுக்கிறது.

அந்த நாட்டில் அரசாங்கக் கடனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவுக்கு அனுமதி கொடுப்பதும் காங்கிரஸ் சபைதான். வரியைக் குறைப்பதும் அதே சபைதான். இரண்டையும் செய்துவிட்டு, நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்பும் வேளையில், "ஐயோ, கடனா!" என்று கூவுகிறார்கள். ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பில் வந்த பிறகு சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்கிறவரை என்னவென்று சொல்வது?

2006-ல் ஒபாமா செனட்டர். வெள்ளை மாளிகையில் இருந்தவர் புஷ். வரம்பை உயர்த்தக் கூடாதென்று ஒபாமா வாக்களித்தார். 2011-ல் அவரே ஜனாதிபதி. உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றார். இப்போது மறித்து நின்றவர்கள் குடியரசுக் கட்சியினர். ஆகஸ்டில் ஒருவாறு சமரசம் ஆயிற்று. ஆனாலும் ஸ்டாண்டர்ட் அண்ட் பூர் நிறுவனம் அந்நாட்டின் கடன் தரத்தை முதல் தடவையாக ஒரு படி இறக்கிவிட்டது.

அதற்காக, இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று சொல்லி நழுவிவிட நான் தயாராக இல்லை. ஜூட் வானிஸ்கி என்ற பத்திரிகையாளர் 1976-ல் ஒரு யோசனை சொன்னார். ஜனநாயகக் கட்சி செலவு செய்து கிறிஸ்துமஸ் தாத்தாவாகிறது. குடியரசுக் கட்சி மட்டும் ஏன் வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்று கண்டித்துக்கொண்டிருக்க வேண்டும்? அதுவும் வரிக்குறைப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாத்தாவாகட்டும் என்றார். 1981-ல் ரீகன் வரியைக் குறைத்தார். அவருடைய எட்டாண்டுகளில் கடன் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. புது வரி போடமாட்டேன் என்று 1988-ல் வாக்குக் கொடுத்த மூத்த புஷ், 1990-ல் பற்றாக்குறையைக் கண்டு வரியை உயர்த்தினார். கணக்குப் பார்த்த அந்த மனிதரைச் சொந்தக் கட்சிக்காரர்களே மன்னிக்கவில்லை. 1992-ல் தோற்றார். பாடத்தைக் கட்சி நன்றாகக் கற்றுக்கொண்டது! 2017-ல் அது கொண்டுவந்த வரிக்குறைப்பால் பத்தாண்டுகளில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டாலர் வருமானம் குறையும் என்று அப்போதே மதிப்பிட்டிருந்தார்கள்.

2021-ல் குழந்தையுள்ள குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 300 டாலர் வரை. ஆண்டு முடிவில் அதை நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்போது பார்த்து எல்லோருக்கும் கடன் நினைவு வந்துவிட்டது! குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் விலைவாசியையும் நாட்டின் கடனையும் காட்டிக் கைவிரித்தார். உதவி நின்றது. அரசாங்கத்தின் துணைக் கணக்குப்படி 2021-ல் 5.2 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை, 2022-ல் 12.4 சதவீதம்.

2025-ல் குடியரசுக் கட்சி மறுபடி ஆட்சியில். வரிக்குறைப்பை நிரந்தரமாக்கிய அதே சட்டத்தில், கடன் வரம்பையும் ஒரேயடியாக 5 லட்சம் கோடி டாலர் உயர்த்திக்கொண்டார்கள். பத்தாண்டுகளில் 3.4 லட்சம் கோடி பற்றாக்குறை கூடும் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. ராண்ட் பால் போன்ற இரண்டொருவர் மறுத்து வாக்களித்ததோடு சரி. ஜூலை 4, சுதந்திர தினத்தன்று, வெள்ளை மாளிகையில் கையெழுத்து நடந்தது. அந்த விழாவில் கடனைப் பற்றி யாரும் "ஐயோ" என்று கூவியதாக நான் படிக்கவில்லை.