நூல் தந்த தெரு

பிறந்த ஊரின் பெருமை பேசாதவர் இலர். வெளியூர் சென்று வாழ்வோர் விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பழைய தெருவை நினைந்து உருகுவதைக் காண்கிறோம். அவ்வுருக்கத்தில் உண்மை எவ்வளவு, மறதி எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது தமிழ் கற்பிக்கும் நமக்கும், கற்கும் மாணவச் செல்வங்களுக்கும் உரிய கடமையாகும். நாம் வளர்ந்த தெருவையே சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராயலாம்.

சென்ற பெருநாள் விடுமுறையில் மேலப்பாளையம் சென்றிருந்தோம். நெல்லைச் சந்திப்பில் இறங்குவோர் தாமிரபரணியைச் சுலோசன முதலியார் பாலத்தின் வழியே கடந்து, கொக்கிரகுளம், குறிச்சி வழியாக ஊர் சேர்வர். 1843-இல் திறக்கப்பட்ட அப்பாலம், அதற்குத் தம் சொந்தப் பொருளை ஈந்தவரின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது. தனி நகராட்சியாய் விளங்கிய மேலப்பாளையம் 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால்வாய் இன்றும் ஊர் வழியே ஓடுகிறது. ஆயினும் நாம் நீந்திப் பழகிய நீரில் இன்று கழிவுநீரும் நெகிழிக் குப்பையும் கலந்து வருகின்றன. ஓட்டு வீடுகள் பல மாடி வீடுகளாகிவிட்டன. வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைத்தோரின் வியர்வையை அவற்றின் சுவர்களில் காணலாம்.

நம் வீட்டின் முன்னறையில் தரையின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறியிருக்கும். கல்லூரியில் பயிலும் நம் தங்கை மகள் அதனைக் காட்டி, "மாமா, இந்த இடம் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அது வாப்பாவின் தறிக்குழி இருந்த இடம் என்றும், தறி நின்றபின் மண்ணிட்டு மூடிச் சிமெண்ட் பூசினோம் என்றும் விடை கூறினோம். தறியின் உறுப்புகளை அவள் கேட்டபோது பாவு, ஊடை, நாடா என்று மூன்று சொல்லி நின்றுவிட்டோம். அங்கிருந்த அண்டை வீட்டு மூதாட்டி சிரித்தபடி, அச்சு, விழுது, மிதி, படமரம், தார் என்று அடுக்கிக்கொண்டே போனார். "என்ன வாப்பா, ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக் குடுக்கிய, இது தெரியலியா?" என்றார். தொல்காப்பியம் கற்பிக்கும் நாவுக்கு, தான் உண்டு வளர்ந்த தொழிலின் சொற்கள் தெரியவில்லை.

சொல்லை மட்டுமா மறந்தோம்? தறி ஓடிய நாளில் உம்மா தார் சுற்றினார். விசைத்தறியோடு போட்டியிட இயலாமல் நம் தறி நின்றது. அதன்பின் அதே கை பீடி சுற்றியது. நனைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனை மடித்து, ஆயிரம் சேர்ந்தால் ஆயிரத்துக்குரிய கூலி. தரமில்லை என்று கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி கிடையாது. மடியில் சுளவை வைத்துக் குனிந்த தலை இரவு உணவுக்குத்தான் நிமிரும். புகையிலைத் தூளால் வந்த இருமல் இறுதி வரை அவரை விடவில்லை.

வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது 1966-ஆம் ஆண்டுச் சட்டம். 1976-இல் அவர்களுக்கென நல நிதிச் சட்டம் வந்தது. அந்நிதியிலிருந்து அவர்தம் மக்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. நாம் கல்லூரியில் சேர்ந்தபோது, உம்மா தம் அடையாள அட்டையைத் துணியில் சுற்றி நம்மிடம் தந்து, விண்ணப்பிக்கச் சொன்னார். சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தோம். உடன் பயில்வோர் அறிந்தால் இழிவு என்று எண்ணி அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, கடைசித் தேதி கடந்துவிட்டது என்று பொய் சொன்னோம். அவ்வாண்டு நம் கட்டணத்துக்காக உம்மா இரவிலும் விளக்கருகே அமர்ந்து சுற்றினார். இன்று அவர் இல்லை. தறிச் சொற்களைச் சொல்லித் தந்த மூதாட்டி அன்று புறப்படும்போது, "அட்டைய நீ பெட்டியில போட்டது ஒங்க உம்மாவுக்கு அப்பவே தெரியும். புள்ளைக்கு வெக்கமா இருக்கும்னு சொல்லிட்டு வேலையப் பாத்தா" என்றார்.

நன்னூல் பாயிரத்தில், நூல் என்னும் பெயரை விளக்கும் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்கிறார். ஆண்டுதோறும் வகுப்பறையில் இதனை விளக்கி வருகிறோம். புலமைக்கு உவமையாகும் தகுதி பெண்ணின் கைத்தொழிலுக்கு உண்டு என்று எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் இலக்கணம் கூறிவர, அக்கைத்தொழிலைச் சொல்ல நாம் நாணினோம். நூல் சுற்றிய கையே நமக்கு நூல் வாங்கித் தந்தது. பாலத்துக்குப் பொருள் ஈந்தவர் பெயரை ஊர் மறக்கவில்லை. நம்மைக் கரை சேர்த்தவர்களின் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

"வறுமையின் சொற்களைச் சேர்த்து வைத்து ஆவதென்ன? அத்தொழில்கள் ஒழிவதன்றோ நன்று?" என்று பெரியோர் சிலர் வினவலாம். அத்தொழிலின் துன்பம் எவர்க்கும் வேண்டா. சுளவு பிடித்த வீட்டுப் பெண்மக்கள் இன்று பட்டம் பெறுவது நம் ஊரின் தலையாய பேறு. எனினும் துன்பம் நீங்கியதற்காக அதனைச் சுமந்தவரையும் சேர்த்து மறப்பது நன்றியாகாது. பழைய தெருவை இனிக்க இனிக்கப் பேசுவோர் இருமலையும் கூலியையும் விட்டுவிட்டுப் பேசுகின்றனர். இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் அது ஊரின் வரலாறாகும்.

ஊரை எழுதியோர் நமக்கு வழிகாட்டியுள்ளனர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போதும் தமிழகத்து வயலையும் வாய்க்காலையும் விடவில்லை. நெல்லையில் வாழ்ந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், தாம் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தின் பேச்சையும் வாழ்வையும் நாவல்களாக்கினார். 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். கரிசல் காட்டுக்கு அமைந்தது கால்வாய்க் கரைக்கும் அமைதல் வேண்டும்.

ஆகவே நம் தமிழ்த்துறை ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் தெருவின் முதியவர் ஒருவரோடு அமர்ந்து, அவர் செய்த தொழிலின் சொற்கள், கருவிகள், கூலிக் கணக்கு ஆகியவற்றை அவர் சொன்னவாறே ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். துறை அவற்றைப் பேணிக் காத்து, ஆண்டு மலரில் சில பக்கங்களை அவற்றுக்கென ஒதுக்கட்டும். சமுதாயப் பெரியோர், கேட்டு வரும் பிள்ளைகளை அருகிருத்திச் சொல்லித் தருவாராக. தறியில் அமர்ந்த கைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. இப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை.

பிறரைத் தூண்டுமுன் தம் கடனைத் தீர்ப்பது முறை. படிவத்தில் நாம் மறைத்ததை இம்மலரில் எழுதுகிறோம். தாயின் தொழில்: பீடி சுற்றுதல்.