ஓசைக்கும் பட்டாவா?

“காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸில் பாட்டுப் பதிவதா? தாளம் பின்தங்கும். விலை உயர்ந்த மென்பொருள் வேண்டும். முடியாவிட்டால் திருட்டுக் காப்பி போட்டுக் கொள்ளலாம்.” சங்கத்துப் பாட்டுக் குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவு செய்யட்டும் என்று நாம் சொன்னால், சிவகாசி முதல் ராஜபாளையம் வரை இந்தப் பதில்தான் வருகிறது. விஷயம் தெரிந்த தோழர்களே இப்படிச் சொல்கிறார்கள், அதுதான் வேதனை.

தாளம் பின்தங்கும் என்பது முழுப் பொய்யல்ல. ஏன் பின்தங்குகிறது?

மில் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கார்டிங்கிலிருந்து வரும் ஸ்லைவர் கேன்களில் நிரம்பி டிராயிங் மிஷினுக்குப் போகிறது. கேன் பெரிதானால் ஓட்டம் அறாது. ஆனால் போட்ட பஞ்சு மறுபக்கம் வர நேரமாகும். கேன் சிறிதானால் சீக்கிரம் வரும். ஆனால் மாற்றுகிற ஆள் ஒரு கணம் தவறினாலும் ஓட்டம் அறும். கணினியும் ஓசையை இப்படித்தான் கேன் கேனாக வாங்கி அனுப்புகிறது. ஒரு நொடி ஓசையை 48,000 துண்டாக நறுக்குகிறது. கேன் ஒன்றுக்கு 2,048 துண்டு என்றால் சுமார் 43 மில்லி நொடி தாமதம். காற்றில் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. ஆகவே 14 மீட்டருக்கு அப்பால் நின்று பறையடிப்பவரோடு சேர்ந்து பாடுகிற கதைதான். 256 துண்டு என்றால் 5 மில்லி நொடிக்குச் சற்று மேல். இரண்டு மீட்டர் தூரங்கூட இல்லை. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று கணக்கிட்டால் கூடும்; ஆனாலும் பாடுகிறவருக்குத் தடையாகாது. தூரத்து வெடியில் வெளிச்சம் முன்னும் சத்தம் பின்னும் வருவதைப் பார்த்தே வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆக, குற்றம் லினக்ஸின் மேல் அல்ல, கேனின் அளவின் மேல்! அந்தக் கேனை யார் நிர்வகிப்பது என்பதில்தான் பல ஆண்டுக் குழப்பம். அடியில் அல்சா, அது ஒலிக் கருவியோடு நேரே பேசும். அதற்கு மேலே, பாட்டுக் கேட்பவர்களுக்குப் பல்ஸ் ஆடியோ. பதிவு செய்பவர்களுக்கு ஜாக். ஜாக் கருவியைப் பிடித்துக் கொண்டால் மற்றதெல்லாம் ஊமை. இரண்டுக்கும் பாலம் போட்டுப் போட்டே பலர் பாட்டை மறந்தார்கள். அந்தக் காலத்தில் சூடுபட்டவர்கள்தான் இன்றும் “சரிப்படாது” என்கிறார்கள்.

2017 இல் விம் டேமன்ஸ் பைப்வயரை வெளியிட்டார். 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34 அதையே ஒலிக்கு வைத்தது. 2023 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. ஜாக்குக்கு எழுதிய ஆர்டர் முதலிய மென்பொருள்களும், பல்ஸுக்கு எழுதியவையும் இதன் கீழே ஒரே நேரத்தில் ஓடும். புதிதாகத் தொடங்கும் குழு பைப்வயரையே எடுக்கட்டும். ஜாக் ஒழுங்காக ஓடுகிற இடத்தில் வீணாகக் கை வைக்க வேண்டாம்.

“இதுவும் கம்பெனிச் சரக்குத்தானே? டேமன்ஸுக்குச் சம்பளம் கொடுத்தது ரெட் ஹாட். அதை 2019 இல் ஐ.பி.எம். வாங்கிவிட்டதே!” கேட்க வேண்டிய கேள்விதான். முதலாளி தர்மத்துக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் நடந்த கதை ஒன்றைப் பாருங்கள். லினக்ஸின் பழைய ஓசை ஓ.எஸ்.எஸ்.; ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் எழுதியது. பின்னர் அதன் மேம்பட்ட பகுதி ஃபோர் ஃப்ரண்ட் கம்பெனியின் விலைச் சரக்காயிற்று. பொதுக் கிணற்றுக்குப் பட்டா! என்ன நடந்தது? 1998 இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசேலா அல்சாவைத் தொடங்கினார். பலர் கை கொடுத்தார்கள். 2003 டிசம்பரில் லினக்ஸ் கருநிரலின் 2.6 பதிப்பில் அல்சா அமர்ந்தது. 2007 இல் அந்தக் கம்பெனியே தன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதற்குள் ஊர் வேறு கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது.

பைப்வயரின் எம்.ஐ.டி. உரிமம் தளர்வானது, யாரும் நகலெடுத்துப் பூட்டி விற்கலாம். கருநிரலின் ஜி.பி.எல். உரிமமே நமக்கு உவப்பு. என்றாலும் பொதுவில் வெளியான நகலை ஐ.பி.எம். நினைத்தாலும் திரும்பப் பிடுங்க முடியாது.

மறுபக்கம் பாருங்கள். 2023 மார்ச்சில் வேவ்ஸ் கம்பெனி, “இனி விலைக்குக் கிடையாது, சந்தா மட்டுமே” என்று அறிவித்தது. இசைக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகே சில நாளில் பின்வாங்கியது. குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவனுக்கு இந்தப் பயம் புதிதா? திருட்டுக் காப்பியோ, பண்ணையார் வயலில் இரவில் கதிர் அறுப்பது போலத்தான். விடிந்தால் நிலம் அவர் கையிலேயே இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற தாய்மாரின் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். புதிய டெபியனைப் போட்டு, கேனை 512 இல் தொடங்குங்கள். ஓசை சரவெடி போலப் படபடத்தால் 1,024 ஆக்குங்கள். அமைதியாக இருந்தால் 256. பெட்டிக்குள் இருக்கும் மைக்கை நம்ப வேண்டாம்; கிளைச் சங்கம் ஒரு யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டி வாங்கட்டும், பெரும்பாலானவற்றை அல்சா தானே அடையாளம் கண்டுகொள்ளும். பதிகிற நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.