யாரோடு யார் ஓடுவது?

பாரிஸ் நகரம். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி.

மாற்றுத் திறனாளிகளுக்கான உலகப் போட்டியான பாராலிம்பிக் நடந்துகொண்டிருக்கிறது. பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டம். "தயார்!" என்ற குரல். அடுத்த கணம் வேட்டுச் சத்தம். எல்லோரும் பாய்கிறார்கள்.

சீனப் பெண்கள் இருவர் முதலில் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் இந்தியப் பெண். பெயர் பிரீத்தி பால். உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஓடிய நேரம் 14.21 விநாடி. பாராலிம்பிக் ஓட்டப் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இரண்டு நாள் கழித்து 200 மீட்டரிலும் அவரே வெண்கலம் வாங்கினார்.

மறுநாள் காலையில் இந்தச் செய்தியைப் படித்தவர்களில் சிலர் இப்படி நினைத்திருப்பார்கள்:

"பதினான்கு விநாடியா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையனே அதற்குள் ஓடிவிடுவானே! இதற்கா பதக்கம்?"

கேள்வியில் தப்பு இல்லை. ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் கைதட்டினால் அது இரக்கத்துக்காகத் தட்டிய கை ஆகிவிடும். பதில் தெரிந்து தட்டினால்தான் அது மரியாதை.

பிரீத்திக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். "ஓடு" என்று மூளை சொல்கிறது. தசைகளோ இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. முழங்கால் நன்றாக நீளாது. இடுப்பு நினைத்தபடி வளையாது. சிறு வயதில் பல வருடம் காலில் காலிப்பர் மாட்டி நடந்தவர் அவர். பாரிசில் அவர் பக்கத்தில் நின்ற எல்லோரும் அதே மாதிரித் தடையோடு ஓடியவர்கள். அவர்களுக்குள்ளே போட்டி. அவர்களுக்குள்ளே மூன்றாம் இடம். இப்போது சொல்லுங்கள், 14.21 விநாடி சின்ன விஷயமா?

ஒரே கோடு நியாயமா?

எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் நம் ஊரிலேயே அப்படிச் செய்வதில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனி ஓட்டம். கபடியில் எடை பார்த்து ஆள் எடுக்கும் பந்தயங்கள் உண்டு. குஸ்தியிலும் அப்படியே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கல்லூரி மாணவனோடு ஓடவிட்டு, "தோற்றுவிட்டாயே" என்று சொல்வோமா?

பாராலிம்பிக்கிலும் அதே நியாயம்தான். கண் தெரியாதவர் ஒருவர். கால் இல்லாதவர் ஒருவர். கை இல்லாதவர் ஒருவர். மூவரையும் ஒன்றாக ஓடவிட்டால் அது பந்தயம் ஆகாது. யாருடைய குறை குறைவு என்று பார்க்கிற வேடிக்கைதான் ஆகும்.

அதனால்தான் 100 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்கள் கொடுக்கிறார்கள். "இத்தனை தங்கமா!" என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனிப் பந்தயம்.

எண் என்ன சொல்கிறது?

பிரீத்தி ஓடிய பிரிவின் பெயர் டி-35. இந்த எழுத்தும் எண்ணும் பலருக்குப் புதிராக இருக்கும். உண்மையில் மிகவும் சுலபம்.

"டி" என்றால் டிராக். அதாவது ஓடுபாதை. பின்னால் வரும் இரண்டு இலக்கங்களில் முதல் இலக்கம் எந்த வகைக் குறை என்று சொல்கிறது. இரண்டாவது இலக்கம் வகைக்குள்ளே பிரித்துக் காட்டுகிறது. பல வகைகளில் அது சிறியதாக இருந்தால் தடை அதிகம். பெரியதாக இருந்தால் தடை குறைவு.

11 முதல் 13 வரை பார்வைக் குறை உள்ளவர்கள்.

20 அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்கள்.

31 முதல் 38 வரை மூளை முடக்குவாதம் போன்றவற்றால் தசைகள் சொன்னபடி கேட்காதவர்கள். இவர்களில் 34 வரை உள்ளவர்கள் சக்கர நாற்காலியில் போவார்கள். 35 முதல் காலால் ஓடுவார்கள்.

40, 41 மிகவும் குட்டையான உருவம் உள்ளவர்கள்.

42 முதல் 44 வரை காலில் குறை இருந்தும் செயற்கைக் கால் இல்லாமல் ஓடுகிறவர்கள். 45 முதல் 47 வரை கையில் குறை உள்ளவர்கள்.

51 முதல் 54 வரை சக்கர நாற்காலிப் பந்தயக்காரர்கள்.

61 முதல் 64 வரை செயற்கைக் கால் பொருத்தி ஓடுகிறவர்கள். இந்தப் பிரிவு எண்கள் 2018-ல்தான் வந்தன. இரண்டு காலும் செயற்கையாக இருப்பவர் எவ்வளவு உயரம் வரை நிற்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. கால் நீண்டால் எட்டு நீளும் அல்லவா?

கையோடு கை

இவற்றில் டி-11 பந்தயத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இவர்கள் எல்லோரும் கண்ணை முழுவதும் மறைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒருவருக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், இன்னொருவருக்கு அதுவும் தெரியாது என்ற பேதம் வரக் கூடாதே!

பக்கத்தில் ஒரு வழிகாட்டி ஓடுவார். இருவர் கையையும் சிறு கயிறு ஒன்று இணைத்திருக்கும். வழிகாட்டி இழுக்கக் கூடாது. தள்ளக் கூடாது. எல்லைக் கோட்டை வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு பாதை. ஆகவே எட்டுப் பாதை உள்ள மைதானத்தில் நான்கு பேர்தான் ஓட முடியும். வெற்றி பெற்றால் வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு.

2012-ல் லண்டனில் பிரேசில் நாட்டு வீராங்கனை தெரசினா கில்ஹெர்மினா 400 மீட்டர் ஓடினார். வழியில் அவருடைய வழிகாட்டி தடுமாறி விழுந்துவிட்டார். தெரசினா என்ன செய்தார் தெரியுமா? தாமும் பக்கத்தில் விழுந்து படுத்துவிட்டார். பந்தயம் போயிற்று. ஆனால் அதே போட்டியில் 100 மீட்டர் தங்கத்தை அதே வழிகாட்டியோடு ஓடி வாங்கினார்.

பிரிப்பது யார்?

ஆரம்ப காலத்தில் டாக்டர் சொல்வதே முடிவு. 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு சிறு போட்டி நடத்தினார். முதுகெலும்பில் அடிபட்ட 16 பேர் நாற்காலியில் இருந்தபடி வில்வித்தையில் கலந்துகொண்டார்கள். அந்த விதைதான் 1960-ல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்காக முளைத்தது. பார்வையற்றவர்களும் கை கால் இழந்தவர்களும் 1976-ல் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நாளில் "என்ன நோய்?" என்று கேட்டுப் பிரித்தார்கள். பிறகு கேள்வி மாறியது. "இந்த உடம்பால் இந்த ஆட்டத்தில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இன்று பயிற்சி பெற்ற சோதனையாளர் குழு ஒன்று ஒவ்வொரு வீரரையும் பார்க்கிறது. விதியில் சொல்லப்பட்ட பத்து வகைக் குறைகளில் ஒன்று இருக்கிறதா? அது ஓட்டத்தைப் பாதிக்கும் அளவுக்கு இருக்கிறதா? இருந்தால் எந்தப் பிரிவு? தசையின் வலிமையை அளப்பார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். தேவையானால் பந்தயத்தில் ஓடும்போதும் கவனிப்பார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பயிற்சியால் வேகம் கூடினால் பிரிவு மாறாது. உடம்பின் நிலை மாறினால்தான் மாறும். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டுப் பயிற்சி செய்தவனைத் தண்டித்தது போல் ஆகும்.

குறை இல்லாத ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு இப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர் நிற்பார். எல்லாப் பிரிவுக்கும் எல்லா ஓட்டமும் கிடையாது. ஆனாலும் அளவுகோல் இல்லாத பந்தயத்தைவிடக் குறையுள்ள அளவுகோல் மேல். அதை நேர்மையாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேர்மை தவறினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கசப்பான கதை உண்டு.

பன்னிரண்டு வருடத் தண்டனை

2000-ம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக். அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் நாட்டு அணி தங்கம் வாங்கியது. ஊரெல்லாம் பாராட்டு.

கொஞ்ச நாளில் குட்டு உடைந்தது. அந்த அணியில் இருந்த ஒருவர் பத்திரிகைக்காரர். அவரே உண்மையை எழுதிவிட்டார். அணியில் 12 பேர். அதில் 10 பேருக்கு எந்தக் குறையும் இல்லை! குறை உள்ளவர்களைப் போல் நடித்துத் தங்கம் வாங்கியிருந்தார்கள்.

பதக்கம் பறிபோயிற்று. ஏற்பாட்டுக்குப் பொறுப்பான சங்கத் தலைவர் பதவி விலகினார். 2013-ல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது.

ஆனால் பெரிய தண்டனை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஒரு பாவமும் அறியாதவர்களுக்கு! "யாருக்கு உண்மையில் குறை என்று கண்டுபிடிக்கச் சரியான வழி இல்லை" என்று சொல்லி, அந்தப் பிரிவினர் அனைவரையும் பாராலிம்பிக்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கூடைப்பந்து ஆடியவர்களை மட்டும் அல்ல. ஓடியவர்களையும் நீந்தியவர்களையும் சேர்த்துத்தான். 2004-லும் 2008-லும் அவர்களுக்கு இடம் இல்லை. சோதனை முறையைத் திருத்திய பிறகு 2012-ல்தான் கதவு திறந்தது. 2016-ல் 400 மீட்டர் ஓட்டமும் அவர்களுக்குக் கிடைத்தது.

பத்துப் பேர் பொய் சொன்னார்கள். உலகம் முழுவதும் எத்தனையோ பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் வெளியே நின்றார்கள்.

கல்லேடா கிராமத்துப் பெண்

அந்தக் கதவு மூடியே இருந்திருந்தால் நாம் யாரை இழந்திருப்போம்?

தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கல்லேடா என்று ஒரு கிராமம். அங்கே கூலி வேலை செய்யும் தாய் தந்தைக்குப் பிறந்தவர் தீப்தி ஜீவன்ஜி. அறிவு வளர்ச்சியில் குறை. ஊரில் பலர் கேலி பேசினார்கள். பெற்றவர்கள் கேலியைக் காதில் வாங்கிக்கொண்டு பிள்ளையை வளர்த்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே அவருடைய வேகம் பயிற்சியாளர்களின் கண்ணில் பட்டது.

2024 மே மாதம் ஜப்பானில் கோபே நகரில் உலகப் போட்டி. டி-20 பிரிவு, 400 மீட்டர். தீப்தி 55.07 விநாடியில் ஓடினார். அன்றைக்கு அது உலக சாதனை! செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 55.82 விநாடியில் வெண்கலம்.

2000-ல் நடந்த பொய்யால் அடைபட்ட பிரிவும் இதே டி-20தான். சோதனை கடுமையாக இருப்பது தீப்திக்கு விரோதம் அல்ல. அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. "இவள் உண்மையாக ஜெயித்தாள்" என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்தச் சோதனைதான் சாட்சி.

நம் வீட்டுப் பிள்ளை

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது.

பள்ளி விளையாட்டு விழாவில் கால் சரியில்லாத பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறோம்? மரத்தடியில். மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். விழா முடிந்ததும் ஓர் ஆறுதல் பரிசு. கொடுப்பவருக்குத் திருப்தி. வாங்குகிற பிள்ளைக்குத் தெரியும், தான் எதையும் ஜெயிக்கவில்லை என்று.

ஆறுதல் பரிசு வேண்டாம். ஒரு பந்தயம் வையுங்கள். பக்கத்து நான்கு பள்ளிகளைச் சேர்த்து, ஒரே மாதிரிப் பிள்ளைகளை ஒன்றாக ஓடவிடுங்கள். தோற்கிறவன் தோற்கட்டும். ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும். தோற்பதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் அல்லவா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கம் தரும் மாற்றுத் திறனாளி சான்றிதழ் வேறு. விளையாட்டுப் பிரிவு வேறு. சான்றிதழில் 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் தானாகப் பிரிவு கிடைத்துவிடாது. பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் பாராலிம்பிக் சங்கத்தின் மூலம் முறையான சோதனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே குறையைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். வெட்கப்பட்டுக் குறைத்தும் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் இடத்தைத் திருடுகிறோம். குறைத்துச் சொன்னால் நம் பிள்ளையின் இடத்தை நாமே பறிக்கிறோம்.

பிரீத்தியின் 14.21 விநாடியை யாரோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்த பிறகு, அந்த எண் சின்னதாகத் தோன்றவில்லை அல்லவா? அதே போல நம் தெருவில் காலிப்பர் மாட்டி நடக்கிற பிள்ளையையும் யாரோடு ஒப்பிடுவது என்று இன்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிறகு அவனிடம் கேளுங்கள்:

"ஓடுகிறாயா, தம்பி?"